எலும்பு கூடினால் போதாது... பறக்க வேண்டும்!

இறக்கை ஒடிந்து விழும் பறவைகளை அறுவை சிகிச்சை எந்த அளவுக்குக் காப்பாற்றும்? நாம் எங்கே கோட்டை விடுகிறோம்? திருச்சியின் உறையூர், ஸ்ரீரங்கம் வானத்தை முன்வைத்து ஒரு சிறப்புக் கட்டுரை.

ஸ்ரீரங்கத்தில் கருடன் வட்டமிட்டால் தெருவில் போகிறவர்கள் நின்றுவிடுவார்கள். அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கும்பாபிஷேகம் முடிந்து வீடு திரும்புகிறவரிடம் பாட்டி கேட்கும் முதல் கேள்வியே, "கருடன் வந்துதா?" என்பதுதான். அந்தக் கருடனுக்குப் பறவை நூல்களில் செம்பருந்து என்று பெயர். வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடம்புமாகக் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இரை தேடிப் பிழைக்கிற ஓர் உயிர். மீன் பிடிக்கும், நண்டு தின்னும், செத்த எலியையும் விடாது. மின்கம்பியில் மோதும், பட்டத்தின் மாஞ்சா நூலில் சிக்கும். அப்படி ஒருநாள் இறக்கை தொங்கிப்போய் உறையூர்ச் சந்து ஒன்றில் அது விழுந்தால் என்ன நடக்கும்?

நல்ல மனதோடுதான் எல்லாம் நடக்கும். ஆனால் தப்பாக நடக்கும். யாரோ ஒருவர் துண்டைப் போட்டுப் பிடிப்பார். இன்னொருவர் மஞ்சளைக் குழைத்துக் காயத்தில் அப்புவார். தேங்காய் எண்ணெயும் தடவப்படும். அலகைப் பிரித்து வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள். சுற்றிலும் பத்துப் பேர் நின்று செல்போனில் படம் எடுப்பார்கள். மறுநாள் காலையில் அட்டைப்பெட்டிக்குள் பறவை விறைத்துக் கிடக்கும். "இறக்கை ஒடிஞ்சா பிழைக்காதுங்க" என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிடும்.

அந்தத் தீர்ப்பு தவறு. இறக்கை ஒடிந்த பறவை பிழைக்கும். பல நேரங்களில் மறுபடி பறக்கவும் செய்யும். கால்நடை அறுவை மருத்துவம் கடந்த ஐம்பது ஆண்டுகளில் அந்த நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் பறவையின் விதி அறுவை மேசையில் மட்டும் எழுதப்படுவதில்லை. விழுந்த முதல் சில மணி நேரமும், கம்பி போட்ட பிறகு வரும் மூன்று நான்கு வாரமும்தான் பாதிக்கு மேல் எழுதுகின்றன. நம் ஊரில் பறவைகளை நாம் இழப்பது இந்த இரண்டு முனைகளிலும்தான்.

காற்று ஓடும் எலும்பு

சிக்கன் விங்ஸ் சாப்பிட்டவர்களுக்கு இறக்கையின் எலும்புகளைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோளை ஒட்டிய துண்டில் ஒற்றை எலும்பு. அது ஹியூமரஸ், மேற்கை எலும்பு. நடுத்துண்டில் இரண்டு எலும்பு. மெல்லியது ரேடியஸ், தடித்தது அல்னா. நமக்கு முன்கையில் இருக்கும் அதே ஜோடிதான். நுனித்துண்டில் இருப்பது மணிக்கட்டும் விரல்களும் ஒன்றாகச் சேர்ந்து குறுகிப்போன கை. பெரிய பறவைகளின் அல்னாவைக் கையில் எடுத்து விரலால் வருடிப் பார்த்தால் வரிசையாகச் சின்னச் சின்ன முண்டுகள் தட்டுப்படும். பறப்பதற்கான பெரிய இறகுகளின் அடிக்குருத்து எலும்போடு பிடித்திருக்கும் இடங்கள் அவை. இறகு வெறும் தோலில் முளைத்தது என்று நினைத்துப் பிடித்து இழுக்கிறவர்கள் எலும்பின் மேல்சவ்வைத்தான் இழுக்கிறார்கள்.

மேற்கை எலும்புக்கு இன்னொரு விசேஷம் உண்டு. பல பறவைகளில் அதற்குள் மஜ்ஜைக்குப் பதில் காற்று இருக்கும். நுரையீரலோடு சேர்ந்த காற்றுப்பைகளில் ஒன்று தோள் வழியாக எலும்புக்குள்ளேயே நீண்டிருக்கிறது. லண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் 1774-ல் இதைப் பற்றி எழுதினார். மூச்சுக்குழாயை அடைத்துவிட்டு இறக்கை எலும்பை வெட்டித் திறந்தால், அந்த ஓட்டை வழியாகவே பறவை மூச்சு விடுகிறது என்று அவர் காட்டினார். இன்றைக்கு யாரும் அந்தச் சோதனையைச் செய்ய விடமாட்டார்கள். ஆனால் அந்த உண்மை இன்றும் மருத்துவரின் கையைக் கட்டுப்படுத்துகிறது. மேற்கை எலும்பு முறிந்து வெளியே தெரிகிற காயத்தை மாட்டுக் காயம் போல நினைத்து மருந்து நீரைப் பீய்ச்சிக் கழுவினால், அந்த நீர் காற்றுப்பைக்குள் இறங்கிவிடும். மேசை மேலேயே பறவை மூழ்கிச் செத்துப்போகும்.

பறவை எலும்பின் சுவர் மெல்லியது. சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. அதனால் அது வளையாது, சிதறும். முறிந்த முனைகள் கத்தி போலக் கூராக இருக்கும். முழங்கைக்குக் கீழே சதை மிகவும் குறைவு என்பதால், பறவை ஒரு தடவை படபடத்தாலே அந்த முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். வெளியே வந்த எலும்பு காற்றில் காயத் தொடங்கினால் சில மணி நேரத்தில் அந்தத் துண்டு செத்த எலும்பாகிவிடுகிறது. அதனால்தான் முதல் மணி நேரங்களைப் பற்றி இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது. காலையில் தோலுக்குள் இருந்த முறிவு, மாலைக்குள் வேடிக்கை பார்த்தவர்களால் திறந்த முறிவாகிவிடுகிறது.

ரத்தக் கணக்கும் பயமுறுத்தும். ஒரு பறவையின் உடம்பில் அதன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் ரத்தம். நூறு கிராம் சொச்சம் இருக்கும் மைனாவுக்கு மொத்தமே பத்து மில்லி. அதில் இருபது சொட்டு போய்விட்டால் பத்தில் ஒரு பங்கு ரத்தம் போய்விட்டது என்று பொருள்.

வாயில் தண்ணீர் ஊற்றுவதும் இதே அளவு ஆபத்து. பறவையின் மூச்சுத் துவாரம் நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னால், வாயைத் திறந்தாலே கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கிறது. ஊற்றுகிற தண்ணீர் நேரே அதற்குள் போகும். எண்ணெயோ இறகுகளை ஒட்டவைத்து, உடம்புச் சூட்டைக் காக்கும் போர்வையைக் கெடுத்துவிடும். 40 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டிய உடம்பு அது.

மாவுக்கட்டு உதவாது

நமக்குக் கை ஒடிந்தால் மாவுக்கட்டு. ஊர்ப்புறத்தில் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். புத்தூர்க் கட்டுக்கு இன்றைக்கும் ரயில் ஏறிப் போகிறவர்கள் உண்டு. அதே அன்போடு புறாவுக்கும் கிளிக்கும் பத்தை வைத்துக் கட்டுகிறவர்களைப் பார்க்கலாம். பத்தையின் கனமே இறக்கையைக் கீழே இழுத்து முறிவை விலக்கிவிடும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

ஆனால் நாட்டுப் பழக்கம் முழுவதையும் ஒதுக்கித் தள்ள எனக்கு மனமில்லை. புறா வளர்க்கிறவர்கள் ஒடிந்த இறக்கையை மடக்கி, உடம்போடு சேர்த்துத் துணியால் சுற்றி, இருட்டுக் கூண்டில் விடுவார்கள். ரேடியஸ், அல்னா இரண்டில் ஒன்று மட்டும் ஒடிந்து மற்றது முழுசாக இருந்தால் இது சரியான சிகிச்சைதான். ஒடியாத எலும்பே ஒடிந்ததற்குப் பத்தையாக நிற்கும். மருத்துவர்களும் அங்கே கத்தி எடுக்க மாட்டார்கள். இறக்கையை மடித்த நிலையில் எட்டு வடிவத்தில் கட்டு போட்டு ஓய்வில் விடுவார்கள். தோளுக்குக் கீழே மார்போடு இறக்கையைத் தாங்கும் கொரகாய்டு எலும்பு முறிந்தாலும் பெரும்பாலும் கட்டும் ஓய்வும்தான் வழி. கண்ணாடிச் சுவரில் நேருக்கு நேர் மோதும் பறவைகளுக்கு ஒடிவது அந்த எலும்பு.

அறுவை தேவைப்படுவது மேற்கை எலும்பு ஒடியும்போது. அல்லது முன்கையின் இரண்டு எலும்பும் சேர்ந்து ஒடியும்போது. பறக்க உதவும் மார்புத் தசைதான் பறவையின் உடம்பிலேயே பெரிய தசை. மேற்கை எலும்பு முறிந்ததும் அது சுருங்கி இழுக்கும். முனைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். வெறும் கட்டு போட்டால் எலும்பு கூடும், ஆனால் குட்டையாகவும் கோணலாகவும் கூடும். கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் கோழிக்கு அது போதும். கொள்ளிடத்துக்கு மேலே காற்றில் சறுக்கி மீன் எடுக்க வேண்டிய பருந்துக்குப் போதாது.

மேசையில் என்ன நடக்கிறது?

முதல் வேலை பொறுப்பது. பறவை கொண்டுவரப்பட்ட உடனே கத்தியைத் தொடுவது பெரும்பாலும் கொலைக்குச் சமம். சூடு, இருட்டு, தோலுக்கடியில் சொட்டுநீர், வலி குறைக்கும் மருந்து, வெளியே வந்த எலும்பின் மேல் ஈரக் கட்டு. அதிர்ச்சி தெளிந்த பிறகுதான் எக்ஸ்ரே.

வலி மருந்து என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் கிடக்கும் மாத்திரையைப் பொடித்துப் பருந்துக்குக் கொடுக்காதீர்கள். இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகளைக் கிட்டத்தட்ட ஒழித்தது, மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து. செத்த மாட்டின் இறைச்சி வழியாக உடம்பில் ஏறி அவற்றின் சிறுநீரகத்தை அழித்தது என்று 2004-ல் நிரூபித்தார்கள். 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். கீட்டோப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக் இரண்டும் 2023-ல் தடையாயின. பறவை மருத்துவர்கள் நம்பிக் கையாளும் மருந்து மெலாக்சிகாம்.

மயக்கம் கொடுப்பதில்தான் பறவை அறுவையின் பாதி வித்தை இருக்கிறது. ஐசோஃப்ளூரேன் என்ற வாயுவை முகமூடி வழியாகக் கொடுத்தால் ஓரிரு நிமிடத்தில் உறங்கும், நிறுத்தினால் சில நிமிடத்தில் விழிக்கும். இந்த இயந்திரம் இல்லாத இடங்களில் கீட்டமின் போன்ற ஊசிகளைப் போடுகிறார்கள். அதில் ஆழத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியாது. தெளியும்போது பறவை அரை நினைவில் இறக்கையை அடித்துக்கொள்ளும், போட்ட கம்பியையே பெயர்த்துவிடும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் பறவைக்குக் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. பிடித்துக்கொள்ளும் உதவியாளர் சற்று இறுக்கிப் பிடித்தாலே மூச்சு நின்றுபோகும். மேசையில் மட்டுமல்ல, தெருவில் பிடிக்கும்போதும் இதே கதைதான்.

பிறகு காயத்தைச் சுற்றி மெல்லிய இறகுகளை மட்டும் பறிக்கிறார்கள். பறக்கும் பெரிய இறகுகளைத் தொடுவதில்லை. தோலை அகலமாக ஸ்பிரிட்டால் நனைப்பதில்லை, நனைத்தால் உடம்பு குளிர்ந்துவிடும். தோலைத் திறந்ததும் கண்ணுக்குத் தெரிய வேண்டியது எலும்பு மட்டுமல்ல. மேற்கை எலும்பைக் குறுக்கே கடந்து போகும் ரேடியல் நரம்பும் தெரிய வேண்டும். அது அறுந்தால் எலும்பை எவ்வளவு நேர்த்தியாகச் சேர்த்தாலும் இறக்கை விரியாது.

கம்பி விஷயத்துக்கு வருவோம். மனித எலும்பு மருத்துவர்கள் விரல் முறிவுக்குப் போடும் கே-ஒயர் இருக்கிறதே, ஜெர்மானிய அறுவை மருத்துவர் மார்ட்டின் கிர்ஷ்னர் பெயரில் 1909-லிருந்து புழங்குவது, அதுதான் இங்கும். ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் ஒரு துருப்பிடிக்காத கம்பி. முறிந்த இடத்திலிருந்து எலும்பின் குழிக்குள் செலுத்தி, தோள் பக்கமாக முனையை வெளியே எடுத்து, முறிவைச் சேர்த்து வைத்து, மறுபடி கீழ்த்துண்டுக்குள் இறக்குகிறார்கள். எலும்பு வளையாமல் இருக்க இது போதும். ஆனால் கம்பியைச் சுற்றி எலும்பு திருகிக்கொள்வதை இது தடுக்காது. உள்ளே காற்றுதானே இருக்கிறது, பிடிமானம் எங்கிருந்து வரும்?

இந்தச் சிக்கலுக்கு விடை அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1974-ல் தொடங்கிய இரைகொல்லிப் பறவை மையத்தில் பேட்ரிக் ரெடிக்கும் அவரோடு இருந்தவர்களும் செம்மைப்படுத்திய முறையில் கிடைத்தது. முறிவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று எனக் குறுக்குக் கம்பிகளைத் தோலுக்கு வெளியே நீட்டும்படி எலும்பில் முறுக்குகிறார்கள். தோளுக்கு வெளியே வந்திருக்கும் நெடுங்கம்பியின் முனையை வளைத்து, மூன்றையும் வெளியில் ஒரே சட்டமாகப் பிணைக்கிறார்கள். அந்தச் சட்டம் எதனால் என்று தெரிந்தால் வியப்பாக இருக்கும். குளிர்பானம் உறிஞ்சும் ஸ்ட்ரா போன்ற மெல்லிய குழாயைக் கம்பிகளின் மேல் செருகி, அதற்குள் பல்செட் செய்ய உதவும் அக்ரிலிக்கைக் குழைத்து ஊற்றுகிறார்கள். சில நிமிடத்தில் கல்லாக இறுகிவிடும். கனமே இருக்காது. உள்ளே ஒரு கம்பி, வெளியே ஒரு சட்டம். எலும்பு வளையவும் முடியாது, திருகவும் முடியாது. இறக்கையை எலும்பு கூடும்வரை கட்டியே வைக்க வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. நான் அறிந்தவரை, ஒடிந்த இறக்கைக்கு மனிதன் செய்த உதவிகளில் இதைவிட அழகானது வேறில்லை.

மூட்டுக்கு மிக அருகில் ஒடிந்தால் மட்டும் இந்தக் கெட்டிக்காரத்தனம் எல்லாம் தோற்கும். மூட்டு இறுகிப்போனால் பறப்பு இல்லை.

கூண்டுக்குள் நான்கு வாரம்

பறவையின் எலும்பு நம் எலும்பைவிட வேகமாகக் கூடும். நன்றாகச் சேர்த்து அசையாமல் வைத்தால் மூன்று வாரத்தில் கைக்கு உறுதி தெரியும். எக்ஸ்ரேயில் தெரிவதற்கு இன்னும் சில நாள் ஆகலாம். இந்த வேகத்தைப் பார்த்து மகிழ்ந்து, கட்டைப் பிரிக்காமல் விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. தோளிலிருந்து மணிக்கட்டுவரை இறக்கையின் முன்விளிம்பில் ஒரு தோல் மடிப்பு விரிந்திருக்கிறது. காற்றை முதலில் வெட்டுவது அதுதான். இறக்கையை மடித்தே கட்டி வைத்தால் அந்தத் தோல் சுருங்கிவிடும். சுருங்கியது எளிதில் விரியாது. அதனால் வாரத்துக்கு இரண்டு தடவையாவது லேசாக மயக்கம் கொடுத்து, இறக்கையை மெல்ல விரித்து மடக்கிப் பயிற்சி தர வேண்டும். இதைச் செய்ய ஆளும் நேரமும் இல்லாத இடங்களில்தான் எலும்பு கூடியும் பறக்காத பறவைகள் சேருகின்றன.

கூண்டின் கம்பி வலையில் உரசி வால் இறகுகள் ஒடிந்தால் அடுத்த இறகுதிர்ப்புவரை பறவை காத்திருக்க வேண்டும். சுவரில் துணியோ மரச்சட்டமோ இருந்தால் இந்தக் கஷ்டம் வராது. பருந்துகள் ஒரே கட்டையில் நாள்கணக்கில் உட்கார்ந்தால் பாதத்தில் ஆறாத புண் வரும். உணவும் முக்கியம். எலும்பில்லாத கோழிக்கறியை மட்டும் கொடுத்தால் பருந்துக்குச் சுண்ணாம்புச் சத்து கிடைக்காது. எலும்பும் தோலுமாக முழு இரையாகக் கொடுக்க வேண்டும். பால்சோறு எந்தப் பறவைக்கும் ஆகாது.

டெல்லி சகோதரர்கள்

நதீம் ஷெஹ்சாத், முகமது சவுத் என்ற இரண்டு சகோதரர்களின் கதை இன்று உலகத்துக்குத் தெரியும். பழைய டெல்லியில் வளர்ந்தவர்கள். அடிபட்ட பருந்து ஒன்றை இளம் வயதில் பறவை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கறி தின்னும் பறவை என்பதால் அங்கே சேர்த்துக்கொள்ளவில்லை. அந்தப் பருந்தை விட்டுவிட்டு வந்த மனக்குறைதான் பின்னாளில் வீட்டு அடித்தளத்தில் ஒரு சிகிச்சைக் கூடமாக மாறியது. சோப்பு தரும் சாதனங்கள் செய்யும் சிறு தொழில் நடத்திக்கொண்டே, தசைகளையும் தசைநாண்களையும் பற்றி உடற்பயிற்சிக் கூடத்தில் தெரிந்துகொண்டதை வைத்துத் தொடங்கினார்கள். மாஞ்சா நூலில் அறுபட்ட இறக்கைகளைத் தைக்கக் கற்றார்கள். 20,000-க்கும் மேற்பட்ட பறவைகள் அவர்கள் கைப்பட்டுப் போயிருக்கின்றன. இவர்களைப் பற்றி ஷௌனக் சென் எடுத்த 'ஆல் தட் ப்ரீத்ஸ்' ஆவணப்படம் 2022-ல் சன்டான்ஸ் விழாவிலும் கான் விழாவிலும் விருது வாங்கியது. 2023 ஆஸ்கர் இறுதிப் பட்டியலிலும் இடம்பிடித்தது. முதுமலையின் பொம்மன், பெள்ளி தம்பதியைக் காட்டிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' குறும்படப் பிரிவில் விருது வென்ற அதே மேடை.

கண்ணாடித்தூள் தடவிய நூல் முதலில் அறுப்பது அந்த முன்விளிம்புத் தோலையும் தசைநாணையும். சிக்கிய பறவை மரத்தில் தொங்கிக்கொண்டு அடித்துக்கொள்ளும்போது எலும்பும் போகிறது. செயற்கை இழை மாஞ்சாவை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல் நாடு முழுவதும் தடை செய்தது. தமிழ்நாட்டில் மாஞ்சா நூல் கழுத்தை அறுத்துக் குழந்தைகளே இறந்திருக்கிறார்கள். 2023-ல் மாநில அரசு தடையை இன்னும் இறுக்கியது. இத்தனைக்குப் பிறகும் நூல் கிடைக்கிறது. விற்கிறவரைவிட, பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் அப்பாவிடம்தான் எனக்குக் கோபம்.

கோழியூரில் ஒரு சேவலின் மதிப்பு

உறையூருக்குக் கோழியூர் என்றும் பெயர். யானையை ஒரு கோழி எதிர்த்து நின்று விரட்டியது, அந்த மண்ணின் வீரத்தைப் பார்த்துத்தான் சோழன் அங்கே தலைநகர் அமைத்தான் என்பது ஊர்க்கதை. சிலப்பதிகாரத்திலும் அதற்குக் குறிப்பு உண்டு. இந்தச் சோழர்கள்தான் தங்களைச் செம்பியன் என்று அழைத்துக்கொண்டார்கள். புறாவின் உயிருக்கு ஈடாகத் தன் சதையை அரிந்து தராசில் வைத்த சிபியின் வழி வந்தவர்கள் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். பறவைக்காகத் தராசு ஏறியதைக் குலப்பெருமையாகச் சொன்ன ஊரில், பறவையின் இறக்கைக்கு ஒரு மில்லிமீட்டர் கம்பி போடுவதை இன்னும் பலர் வேண்டாத செலவாகப் பார்க்கிறார்கள்.

செலவுதான் இங்கே உண்மையான கேள்வி. உறையூரிலிருந்து வடமேற்கே நாமக்கல், தென்கிழக்கே ஒரத்தநாடு. இரண்டு ஊரிலும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முன்னது 1985-லும் பின்னது 2012-லும் வந்தவை. இரண்டும் சுமார் 80, 90 கிலோமீட்டர் தூரம். நாமக்கல்லைச் சுற்றி முட்டைக்கோழிகள் கோடிக்கணக்கில் வளர்கின்றன. முட்டை ஓட்டுக்காகச் சுண்ணாம்பை உடம்பிலிருந்து இறைத்துக்கொண்டே இருப்பதால் அந்தக் கோழிகளின் எலும்பு நொய்ந்துபோகிறது. கூண்டிலிருந்து எடுக்கும்போதே சிலவற்றுக்கு ஒடிந்துவிடும். அவற்றுக்கு யாரும் கம்பி போடுவதில்லை. ஒரு கோழியின் விலையைவிட ஒரு எக்ஸ்ரேயின் விலை அதிகம். பண்ணைக் கணக்கு அப்படித்தான் போகும். ஆனால் அந்தக் கணக்கையே செம்பருந்துக்கும் வெண்கூகைக்கும் போட முடியாது. இரவெல்லாம் டெல்டா வயலில் எலி பிடிக்கும் கூகை, சாலையில் லாரியில் அடிபட்டு விழுந்தால், அந்த ஒரு பறவை போனதால் எத்தனை எலி கூடும் என்று எந்த விவசாயியும் சொல்லிவிடுவார்.

விராலிமலை மயில்கள் சாலையைக் கடக்கும்போது வாகனத்தில் அடிபடுவது இந்தப் பக்கத்தாருக்குப் புதிதல்ல. மயில் 1963-லிருந்து நம் தேசியப் பறவை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருப்பது. அடிபட்ட மயிலையோ பருந்தையோ கிளியையோ வீட்டிலேயே வைத்து வளர்க்கச் சட்டம் இடம் தராது. முதலுதவி செய்து மருத்துவரிடமும் வனத்துறையிடமும் ஒப்படைக்க வேண்டும். இது தண்டனைக்குப் பயந்து சொல்வது இல்லை. மனிதக் கைக்குப் பழகிய பருந்து மறுபடி காட்டுக்குப் போனால் பிழைக்கத் தெரியாது.

கடைசியாகக் கசப்பான ஒன்று. எல்லாம் சரியாகச் செய்தும் சில பறவைகள் பறக்காது. நீண்ட கயிற்றைக் காலில் கட்டித் திறந்த வெளியில் பறக்கவிட்டுப் பார்ப்பார்கள். உயரம் எடுக்கிறதா, இரண்டு இறக்கையும் ஒரே அளவாக விரிகிறதா, இறங்கும்போது தடுமாறுகிறதா என்று கவனிப்பார்கள். பத்து மீட்டர் பறந்து உட்காரும் புறா மாடியில் வாழ்ந்துவிடும். பத்து மீட்டர் பறக்கும் பருந்தை வானத்துக்கு அனுப்பினால் அது பட்டினியில் சாகும். கூண்டில் வைத்துக் காப்பதா, வலியில்லாமல் விடை கொடுப்பதா என்ற முடிவை அப்போது யாராவது எடுத்தாக வேண்டும். "உயிரோடாவது இருக்கட்டுமே" என்று நாம் சொல்வது அன்பினால்தான். அந்த அன்பை எல்லாப் பறவையும் தாங்காது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இனி நம் ஊர் செய்ய வேண்டியது. கம்பரசம்பேட்டை அய்யாளம்மன் படித்துறையை ஒட்டிக் காவிரிக் கரையில் 2025-ல் பறவைகள் பூங்கா திறந்திருக்கிறார்கள். ஐந்திணை நிலங்களையும் அங்கே காட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போய் டிக்கெட் வாங்கிப் பார்த்து மகிழ்கிறோம், நல்லது. பக்கத்து அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரி 2024-ல் ராம்சார் தலமானது. இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்து அங்கே வந்து இறங்குகிறது. இவ்வளவு பறவைச் செல்வம் உள்ள ஒரு வட்டாரத்தின் நடுவில் இருக்கும் மாநகரத்துக்கு, பறவைகளுக்கென்றே ஓர் அறுவை அறை வேண்டும். ஓர் ஐசோஃப்ளூரேன் இயந்திரம், ஓர் எக்ஸ்ரே, ஒரு பெட்டி நிறையக் கே-ஒயர், பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர், பறந்து பழக ஒரு நீண்ட வலைக்கூடம். நாமக்கல், ஒரத்தநாடு கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் முறைவைத்து வந்து கற்றுக்கொள்ளவும் அது உதவும். மாநகராட்சியும் வனத்துறையும் கால்நடைப் பராமரிப்புத் துறையும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசினால் ஒரே நிதியாண்டில் முடியக்கூடிய வேலை இது.

அதுவரை, உங்கள் தெருவுக்கு அருகில் பறவை பார்க்கும் கால்நடை மருத்துவர் யார், மாவட்ட வன அலுவலகத்தின் எண் என்ன என்று இன்றைக்கே விசாரித்துச் செல்போனில் பதிந்து வையுங்கள். பறவை விழுந்த பிறகு தேட ஆரம்பித்தால் நேரம் போதாது.